தாத்தா மணியார்டர் அனுப்பிய ஊருக்கு எந்த அஞ்சலகம்? காணாமல் போன கிராமங்களைத் தேடுவோர் இழை

லிங்கராஜபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு உதவி கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தாத்தா 1950-களில் இங்கே மில் வேலைக்கு வந்தவர். மாதாமாதம் ஊரில் இருந்த அவருடைய அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறார். பணம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வருமே ஒப்புகைச் சீட்டு, அதை ஒன்றுகூட விடாமல் நூலில் கோத்து வைத்திருந்தார். அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கொள்ளுப்பாட்டியின் கைநாட்டு, பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து, ஓரத்தில் அஞ்சலக முத்திரை.

ஊர் பழைய சேலம் ஜில்லா, இன்றைய தர்மபுரி மாவட்டம். பெயரைப் பொதுவில் போட முடியாது, பங்காளிகளுக்குள் நில வழக்கு ஓடுகிறது. இப்போது அங்கே குடியிருப்பு இல்லை. ஒரு கிணறு, மாரியம்மன் கோயில், கூரை போன கல் சுவர்கள், அவ்வளவுதான். முத்திரையில் பெயரின் கடைசியில் ‘பட்டி’ என்பது மட்டும் படிகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெயர் பட்டியில் முடியாது! அப்படியானால் அது எந்த அஞ்சலகம்? இன்றைய பின்கோடு பட்டியலில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொருந்துகிற பெயர் இல்லை.

இப்படி ஊரையும் அஞ்சலகத்தையும் தேடியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் சீட்டுகள், கார்டுகள் இருந்தாலும் இங்கே போடுங்கள். பெயரையும் கைநாட்டையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

வரைபடப்பிரியன்

நல்ல இழை. முதலில் நிலப்படத்தைப் பிடியுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குலப் படங்களில் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) அஞ்சலகம் இருந்த ஊருக்குப் பக்கத்தில் ‘பி.ஓ.’ என்று குறித்திருப்பார்கள். ஆள் இருக்கும் ஊரையும் ஆள் போன ஊரையும் வேறு வேறு குறியில் காட்டுவார்கள். விளக்கக் கட்டத்தில் ‘வசிப்பிடம் உள்ளது’, ‘கைவிடப்பட்டது’ என இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

நீங்கள் சொல்லும் பகுதி பென்னாகரம் பக்கம் என்றால் தாள் எண் 57 எச்/16. அங்கிருந்து தெற்கே மேட்டூர் நீர்த்தேக்கம் 58 இ/13. கோலார் தங்கவயல் 57 எல்/5.

பழைய தாள் கிடைக்கவில்லை என்றால் அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட யூ502 வரிசைப் படங்கள் இருக்கின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 2,50,000-க்கு 1 அளவு என்பதால் சின்னக் குக்கிராமம் விடுபட்டுப் போகும். ஆனாலும் அன்றைக்குச் சுற்றிலும் எந்த ஊர் பெரியது, வண்டிப்பாதை எங்கே போனது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் மாவட்ட மக்கள்தொகைக் கையேடு. 1971 கையேட்டில் ஊர்வாரியாகப் பள்ளி, ஆஸ்பத்திரி, அஞ்சலகம் உண்டா இல்லையா என்று போட்டிருப்பார்கள். 1981-உடன் ஒப்பிட்டால் இடையில் எது போனது, எது வந்தது என்று பார்க்கலாம்.

பழைய சார்ட்டர்

தம்பி லிங்கராஜபுரத்தானுக்கு. நான் பெங்களூர் ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) ‘கியூ’ டிவிஷனில் தபால் பிரிக்கும் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஊரின் பெயரில் அஞ்சலகத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலான கிராமங்களுக்கு என்றைக்குமே சொந்த அஞ்சலகம் இருந்ததில்லை. சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுக்க இருந்தவை 23,344 அஞ்சலகங்கள். அதில் கிராமப்புறத்தில் 19,184. அத்தனை லட்சம் ஊர்களுக்கு அவ்வளவுதான். ஒரு கிளை அஞ்சலகம் சுற்றியுள்ள பல ஊர்களுக்குப் பொது. பிற்கால விதிப்படி சாதாரணக் கிராமப் பகுதியில் புதிதாக ஒன்று திறக்க வேண்டுமென்றால் அருகில் உள்ள அஞ்சலகத்திலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஊர்க் கூட்டத்துக்கு 3,000 பேர் இருக்க வேண்டும். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் தனி ஊருக்கு 500, ஊர்க் கூட்டத்துக்கு 1,000. அதனால் உங்கள் ஊருக்குப் ‘பட்டி’யில் முடிகிற பக்கத்து ஊரிலிருந்து தபால் வந்திருந்தால் அதில் அதிசயமே இல்லை.

அடுத்து, கட்டடத்தைத் தேடாதீர்கள். கிளை அஞ்சலகத்துக்கு இலாகா கட்டடம் கட்டித் தருவதில்லை. போஸ்ட்மாஸ்டராக வருகிறவர்தான் இடம் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஈ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்) என்போம், இப்போது கிராமிய அஞ்சல் ஊழியர். பள்ளி வாத்தியார், மளிகைக் கடைக்காரர், கொஞ்சம் நிலபுலம் உள்ளவர், இப்படித்தான் இருப்பார்கள். அவர் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு பூட்டுப் பெட்டி, சுவரில் சிவப்புத் தபால் பெட்டி. ஆள் மாறினால் அஞ்சலகம் தெரு மாறும். பக்கத்து ஊர்க்காரர் வேலைக்கு வந்தால் சில சமயம் ஊரே மாறும். காலப்போக்கில் பெயரும் மாறும். மூடிவிட்டார்கள் என்று நாம் நினைக்கிற அஞ்சலகங்களில் கணிசமானவை இப்படி இடமும் பெயரும் மாறியவை.

முத்திரையில் மேலே உள்ள பெயர் அழிந்திருந்தால் கீழே பாருங்கள். பல கிளை அஞ்சலக முத்திரைகளில் அதன் கணக்கு அஞ்சலகத்தின் பெயரும் இருக்கும். கிளை ஆபீஸ் தினமும் கணக்கையும் பையையும் எந்தத் துணை அஞ்சலகத்துக்கு அனுப்புகிறதோ அதுதான் கணக்கு அஞ்சலகம். அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய வட்டாரம் ஒரு தாலுகாவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும்.

சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்காமல் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். ஒன்றில் முன்பாதி விழுந்திருக்கும், இன்னொன்றில் பின்பாதி.

மாரிக்குப்பம் பேரன்

சார்ட்டர் ஐயா சொன்ன திண்ணையைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். தாத்தாவின் அப்பா பழைய வடஆற்காடு ஜில்லாவிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். எங்கள் ஜனங்களுக்கு ஊரில் தெரு கிடையாது, சேரிதான். அஞ்சலகம் ஊருக்குள், மேல்சாதிக்காரர் வீட்டுத் திண்ணையில். அந்தத் திண்ணையில் ஏற முடியாது. மணியார்டர் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்களாம். எங்கள் பெரிய பாட்டி தெருவிலேயே நின்று, நீட்டிய அட்டையில் கட்டைவிரலை வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வருவாராம். பணத்தில் ‘செலவு’ என்று கொஞ்சம் குறைந்துதான் கைக்கு வரும். இதை எங்கள் வீட்டில் கதையாகச் சொல்வதில்லை, கணக்காகச் சொல்வார்கள்.

அதனால் இந்தத் தேடலில் ஊரின் பெயரோடு நிறுத்தாதீர்கள். ‘ஊர் காலி ஆனது’ என்கிறோம். ஊரும் சேரியும் ஒரே நேரத்தில் காலி ஆகவில்லை. எங்கள் பக்கம் சேரிதான் முதலில் காலி ஆனது, தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும். ஊர் இன்னும் இருக்கிறது, அஞ்சலகமும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஜனம் இருந்த இடம் நிலப்படத்தில் ஒரு குறிகூட இல்லாமல் போய்விட்டது. அது காணாமல் போன கிராமம் இல்லையா?

தங்கவயலில் நிலைமை நேர்மாறு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த இடம். ராபர்ட்சன்பேட்டை 563122, சாம்பியன் ரீஃப் 563117 என்று பின்கோடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் லைன் வீடுகளில் (சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதிப் பேர் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். மீதிக் குடும்பங்கள் ராமமூர்த்தி நகர், கே.ஆர். புரம் என்று இங்கேயே வந்துவிட்டன. அஞ்சலகம் இருக்க, ஜனம் போயிற்று.

பழைய சார்ட்டர்

மாரிக்குப்பம் தம்பி சொன்னது உண்மை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், திண்ணை ஒன்றல்ல. நான் ரயிலில் பை பிரித்தவன், பட்டுவாடாவைப் பார்த்ததில்லை. ஆனால் சீட்டில் ஒரு தடயம் இருக்கும், அதைச் சொல்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பணம் கொடுத்தால் கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அவர் தபால்காரராக இருக்கக் கூடாது, ஊரில் தெரிந்த வெளியாளாக இருக்க வேண்டும். யார் சாட்சி போட்டார்கள் என்று வருஷவாரியாகப் பாருங்கள். கர்ணமா, வாத்தியாரா, கடைக்காரரா? திடீரென்று ஒரு வருஷத்திலிருந்து சேரியிலிருந்தே படித்த ஒரு பையன் சாட்சி போட ஆரம்பித்திருந்தால், அங்கே பள்ளி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சின்னக் கையெழுத்து நிறையச் சொல்லும்.

இன்னொன்று. மணியார்டர் பாரத்தின் அடியில் கூப்பன் இருக்கும், நாலு வரி எழுதலாம். அதைப் பணம் வாங்கியவர் கிழித்து வைத்துக்கொள்வார். ஒப்புகை மட்டும் அனுப்பியவருக்குத் திரும்பும். அதாவது உங்கள் தாத்தா எழுதிய வார்த்தை ஊரில் தங்கிவிட்டது, ஊரின் கைநாட்டு பெங்களூர் வந்துவிட்டது. ஊர் அழிந்தபிறகு மிஞ்சுவது நகரத்தில் இருக்கும் இந்தப் பாதிதான். நம் வீட்டுப் பரண்களில் தேடச் சொல்வது இதனால்தான்.

அல்சூர் குமரன்

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. 23 ஆயிரமாக இருந்த அஞ்சலகம் இன்று 1,64,000-க்கும் மேல். எண்ணிக்கை ஏறியிருக்கிறது. அப்படியிருக்க, ‘காணாமல் போன அஞ்சலகம்’ என்று நாம் வருத்தப்படுவதில் என்ன பொருள்? தந்தி 2013 ஜூலையோடு நின்றது. பழைய கையெழுத்து மணியார்டர் 2015-ல் போய் எலக்ட்ரானிக் மணியார்டர் வந்தது. பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். காலம் அப்படி. இருக்கிற ஊர்களுக்குச் சரியாகத் தபால் வருகிறதா என்று பார்ப்பது முக்கியம் இல்லையா?

கொளத்தூர்ப் பேத்தி

குமரன் அண்ணா, மொத்த எண்ணிக்கை ஏறியதால் போன ஊர் திரும்பி வந்துவிடுமா?

நான் ஹொரமாவில் இருக்கிறேன். பூர்வீகம் சேலம் மாவட்டம் கொளத்தூர்ப் பக்கம். அதுவும் பூர்வீகம் இல்லை, மேட்டூர் அணை கட்டியபோது மேட்டுக்கு ஏறி வந்த குடும்பம். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் அணை திறந்தார்கள். நாயம்பாடி, பண்ணவாடி, சாம்பள்ளி, காவேரிபுரம் என்று ஊர்கள் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் நாயம்பாடி கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். செய்தித்தாளில் படம் வரும், ஜனங்கள் பரிசல் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். பிறகு மழை வந்தால் மறந்துவிடுவார்கள்.

கோயிலுக்கும் கோபுரத்துக்கும் கல் இருந்ததால் அவை வருஷா வருஷம் ஞாபகப்படுத்துகின்றன. வீடுகள் மண் சுவர், கரைந்துவிட்டன. அந்த ஊர்களின் தபால் எந்த வழியாக வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார், யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் அப்பாயி அவருடைய மாமியாரிடம் கேட்டதைச் சொல்வார்: “தண்ணி ஏறுதுன்னு சாமிய முதல்ல தூக்கிட்டோம், மாட்ட ஓட்டிக்கிட்டோம். கடுதாசி வந்தா எங்க வரும்னு யாரு நெனச்சா?” கண்டியிலும் பினாங்கிலும் இருந்த ஆட்கள் பழைய முகவரிக்கே கடிதம் போட்டு, அது எங்கெங்கோ சுற்றியதாம். சில உறவுகள் அதோடு அறுந்துபோயின. எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியப்பா வழி இலங்கையில் இருந்தது. இன்றுவரை தொடர்பு இல்லை.

நான் தேடுவது இதற்காகத்தான். எந்த அஞ்சலகம் என்று தெரிந்தால் அந்தக் கடிதங்கள் எந்த வழியில் போயிருக்கும் என்று பின்தொடரலாம்.

அல்சூர் குமரன்

உங்கள் பெரியப்பா விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும் அக்கா. ஆனாலும் என் கருத்து, தேடுவதோடு நிற்காமல் இப்போது இருக்கும் கிளை அஞ்சலகங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பதுதான். நாளைக்கு அவற்றையும் இப்படித் தேட வேண்டி வரக் கூடாது.

பாம்பன் காற்று

தனுஷ்கோடியை யாரும் சொல்லவில்லையே.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போன ஊர். பாம்பன் பாலம் 1914-ல் திறந்த பிறகு சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து கப்பல், அந்தப் பக்கம் தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று இலங்கைத் தபால் அந்த வழியாகப் போயிற்று. போட் மெயில் என்று பெயரே அதனால்தான். புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்றைக்குப் போகிறவர்கள் தேவாலயச் சுவரைப் படம் எடுப்பார்கள், ரயில் நிலைய இடிபாட்டைப் படம் எடுப்பார்கள். அஞ்சலகத்தின் சுவரும் அங்கேதான் நிற்கிறது, பவளக்கல்லும் சுண்ணாம்புமாக.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. பழைய தனுஷ்கோடி அதற்கு எட்டு வருடம் முன்பே போய்விட்டது. மேட்டூர் ஊர்கள் அதற்கும் முன்னால். இப்படிப் பின்கோடு பார்க்காமலே போன அஞ்சலகங்களை இன்றைய பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. முத்திரை, கார்டு, பழைய அஞ்சல் வழிகாட்டி நூல், இவைதான் வழி.

கொளத்தூர் அக்காவுக்கு: உங்கள் உறவுகளின் இலங்கைக் கடிதங்கள் இருந்தால் பின்பக்கம் பாருங்கள். அந்த நாளில் கடிதம் போகும் வழியிலும் சேரும் இடத்திலும் பின்புறம் முத்திரை குத்துவார்கள்.

சிவாஜிநகர் தம்பி

கன்னடம் படிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் இந்தப் பக்கத்து விவரம் கொஞ்சம். மைசூர் சமஸ்தானத்துக்குச் சொந்தத் தபால் இருந்தது, அஞ்சே என்பார்கள். 1672-ல் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் தொடங்கி 1889-ல் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ஆகவே கோலார், ஆனேக்கல் பக்கத்துப் பழைய ஊர்களுக்கு 1889-க்கு முந்தைய தடயம் வேண்டுமென்றால் விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில்தான் பார்க்க வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தபால் இலாகாக் கோப்புகள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே தேடலாம்.

கர்நாடக வருவாய்க் கணக்கில் ஆளில்லாத ஊரை ‘பேசராக்’ கிராமம் என்று குறிப்பார்கள். எல்லை இருக்கும், சர்வே எண் இருக்கும், குடி இருக்காது. தங்கவயல் சுற்றுவட்டாரம் தேடுகிறவர்கள் தாலுகா ஆபீசில் இந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

பெங்களூருக்குள்ளேயும் இது நடக்கிறது. ராமமூர்த்தி நகரில் வீடு இருக்கும், முகவரியில் ‘தூரவாணிநகர் போஸ்ட் 560016’ என்று எழுதுகிறோம். லிங்கராஜபுரம் என்றால் ‘செயின்ட் தாமஸ் டவுன் 560084’. நூறு வருடம் கழித்து ஒருவர் கவரை மட்டும் வைத்துத் தேடினால் லிங்கராஜபுரம் என்ற பெயரே அவருக்குக் கிடைக்காமல் போகலாம். சார்ட்டர் ஐயா சொன்னது இதேதான்.

லிங்கராஜபுரத்தான்

நன்றி, எல்லோருக்கும். ஐயா சொன்னபடி சீட்டுகளை மேசையில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழே உள்ள பெயர் பென்னாகரம். மேலே உள்ள பெயரும் மூன்று சீட்டுகளைச் சேர்த்து வைத்ததில் முழுசாகக் கிடைத்துவிட்டது. எங்கள் ஊருக்கு வடக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்.

சாட்சிக் கையெழுத்தையும் பார்த்தேன். முதல் சில வருடங்கள் ஒரே ஆள், பழைய தமிழ் எழுத்தில் சாய்த்துப் போட்டிருக்கிறார். 1958-க்குப் பிறகு வேறு கை, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, கோட்டுக்கு மேல் ஏறாமல். மை அதே ஊதா. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலத்தான் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கள் பாட்டியின் தம்பி பெயர்! அவர் படித்தவர் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வரைபடப்பிரியன்

அருமை. இனி ஆவணம் தேடும்போது மாவட்டப் பெயரில் கவனம் வையுங்கள். உங்கள் பகுதி 1965 அக்டோபர் வரை சேலம், பிறகு தர்மபுரி. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. மாரிக்குப்பம் பேரனுடைய வடஆற்காடு இன்னும் சிக்கல்: 1911-ல் சித்தூர் பிரிந்தது, 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, 1989-ல் திருவண்ணாமலை தனியானது, 2019-ல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. ஒரே ஊருக்கு நாலு மாவட்டத்தில் கோப்பு இருக்கலாம். பழைய கோப்பைத் தேடும்போது பழைய மாவட்டத்தின் பெயரில்தான் கேட்க வேண்டும்.

தபால் வழியும் பாருங்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய பாதை ரயில் இருந்தது, 1941-ல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதை ஓரத்து நிலையங்களைச் சுற்றியிருந்த ஊர்களையும் தனியாக ஒரு பட்டியல் போட எனக்கு ஆசை.

லிங்கராஜபுரத்தான்

ஒரு முக்கியச் செய்தி. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் விசாரித்ததில், அந்தக் காலத்து ஈ.டி. போஸ்ட்மாஸ்டரின் மகள் உயிரோடு இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். என் சித்தப்பா மகன் போய்ப் பேசி, போனில் எனக்கும் கொடுத்தான்.

அவர் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அஞ்சலகம் அவர்கள் வீட்டு முன்னறை. மத்தியானத்துக்கு மேல் பென்னாகரத்திலிருந்து பை வரும். அரக்கு முத்திரையை அப்பா தான் உடைப்பார், வேறு யாரும் தொடக் கூடாது. கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துத் தரையில் வைப்பது இந்தம்மாவின் வேலை. அப்போது அவருக்கு எட்டு ஒன்பது வயது. திங்கள், புதன், வெள்ளி ஒரு பக்கத்து ஊர்கள், செவ்வாய், வியாழன், சனி மறுபக்கம். நான் கேட்டதும் நடக்கிற வரிசையிலேயே ஊர்ப் பெயர்களைச் சொன்னார், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எங்கள் ஊர் செவ்வாய்க்கிழமை வழியில் கடைசி. “உங்க ஊருக்குப் பெங்களூர் மணியாடரு தான் நெறைய வரும். அந்த ஊரு பொம்பளைங்க செவ்வாக்கெழம காட்டு வேலைக்குப் போக மாட்டாங்க” என்றார்.

மாரிக்குப்பம் பேரன் கேட்டது நினைவில் இருந்ததால் அதையும் கேட்டேன். காலனிக்காரர்கள் எங்கே நின்று வாங்குவார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வேப்பமரத்துக்கு அந்தாண்ட. எங்கப்பா எறங்கிப் போய்த்தான் குடுப்பாரு, ஆனா திண்ணைக்கு யாரையும் கூப்பிட்டதில்ல” என்றார். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் அப்பா ஓய்வு பெற்றதும் அஞ்சலகம் ரோட்டோரப் பெரிய ஊருக்குப் போய்விட்டது. பெயரும் அந்த ஊரின் பெயர் ஆகிவிட்டது. அதனால்தான் பட்டியலில் கிடைக்கவில்லை.

வரைபடப்பிரியன்

அந்தம்மா சொன்ன வரிசையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். 57 எச்/16-இல் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன்.

மாரிக்குப்பம் பேரன்

வேப்பமரத்தைக் கேட்டு எழுதியதற்கு நன்றி அண்ணா. எங்கள் பக்கமும் ஆரம்பிக்கிறேன். மாரிக்குப்பத்தில் எங்கள் ஜனங்கள் வைத்திருந்த பௌத்த சங்கம் 1907-லேயே தொடங்கியது. அதே வருடம் அயோத்திதாசர் சென்னையில் ஆரம்பித்த வார இதழ் தங்கவயலுக்குத் தபாலில் வந்து கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. ஊரில் திண்ணை ஏற முடியாதவர்கள் இங்கே தங்கள் பெயருக்கு அச்சடித்த பத்திரிகை வரவழைத்திருக்கிறார்கள். பழைய சந்தாக் கவர், மேலுறை யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். பவுரிங்பேட்டை என்று எழுதியிருந்தால் அது இன்றைய பங்காரப்பேட்டை, குழம்ப வேண்டாம்.

வரைபடப்பிரியன்

ஓட்டிப் பார்த்தேன். செவ்வாய் வழியில் இருக்கும் பெயர்களில் இரண்டு எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் படத்தில் அந்த இரண்டு இடைவெளியிலும் கிணற்றுக் குறி இருக்கிறது, ஒன்றில் ஒற்றைக் கோயில் குறியும். அந்தம்மா சொன்ன திசையும் சரியாக வருகிறது. சித்தப்பா மகன் அடுத்த முறை போகும்போது அந்த இரண்டு இடங்களில் கைபேசியில் இடக்குறி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய சார்ட்டர்

திங்கள் வழி ஊர்களையும் அந்தம்மாவிடம் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம். குரலையே பதிவு செய்யுங்கள். பையை பென்னாகரத்திலிருந்து கொண்டுவந்தவர் யார், நடந்தா சைக்கிளிலா, ஓடையில் வெள்ளம் வந்தால் பை எங்கே தங்கும், இதையும் கேளுங்கள்.

கொளத்தூர்ப் பேத்தி, உங்களுடைய இலங்கைக் கவர்களின் பின்புறப் படத்தை எனக்கு அனுப்பு அம்மா. முத்திரைகளைத் தேதிவாரியாக அடுக்கித் தருகிறேன்.

கொளத்தூர்ப் பேத்தி

அப்பாயியின் பெட்டியில் இரண்டு கவர்கள் கிடைத்தன ஐயா. ஒன்றின் பின்பக்கம் வட்டமுத்திரையில் தலைமன்னார் தெரிகிறது, அதற்கு மேல் இன்னொன்று விழுந்து மறைத்திருக்கிறது. முன்பக்கம் பழைய ஊர் முகவரியை யாரோ நீல மையில் அடித்துவிட்டு மேட்டூர் என்று எழுதியிருக்கிறார்கள். இன்று ராத்திரி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.